இரவுப் பணியாளர் உறங்கும் ஏரி

தை பிறந்துவிட்டது. வங்கத்துக் குளிர் இன்னும் சில வாரங்களே நிற்கும். சென்ற இதழில் பொங்கலுக்கு வேண்டிய கரும்பும் மஞ்சள் கொத்தும் லேக் மார்க்கெட்டில் எந்த நாளில் வாங்கினால் விலை நயமாக இருக்கும் என்று எழுதியிருந்தோம். அதைப் படித்த அன்பர் ஒருவர், "வயிற்றுக்கு வேண்டியதை எழுதிவிட்டீர்கள். விடுமுறை நாளில் குழந்தைகளை அதிகச் செலவின்றி அழைத்துச் செல்லத் தக்க இடம் ஒன்றையும் எழுதலாகாதா?" என்று கேட்டிருந்தார். கேள்வி நியாயமானதே. விக்டோரியா மண்டபமும் மிருகக்காட்சிச் சாலையும் நம் வீட்டுக் குழந்தைகளுக்கு மனப்பாடமாகி எத்தனையோ காலமாயிற்று.

ஆகவே இம்மாதம் ஓர் ஏரிக்கரையைப் பற்றி எழுத முற்படுகிறோம். குளிர்காலக் காலையில் அங்கே நடந்து சென்று பறவைகளைப் பார்க்கலாம். காமிரா இருந்தால் படமும் பிடிக்கலாம். அத்துடன், அவ்விடத்தில் நாம் செய்த ஒரு பிழையையும் சொல்லப் போகிறோம். இடத்தைச் சொல்லிப் பிழையைச் சொல்லாமல் விட்டால், நம் எழுத்தைப் படித்துவிட்டுச் செல்பவரும் அதே பிழையைச் செய்யக் கூடும்.

ஹௌராவில் லோக்கல் வண்டி ஏறினால் திக்கியாபாரா, தாஸ்நகர், ராம்ராஜாதலா ஆகியவற்றை அடுத்து நான்காவது நிலையம் சாந்த்ராகாச்சி. ஹௌராவிலிருந்து புறப்படும் சென்னை மெயில் இவ்வழியாகத்தான் செல்கிறது. நம்மவருள் பலர் ஊருக்குப் போகும்போதெல்லாம் இந்நிலையத்தைக் கடந்திருக்கிறார்கள். ஆயினும் அந்நேரத்தில் பெட்டியையும் மூட்டையையும் இருக்கைக்கு அடியில் தள்ளுவதிலும், தண்ணீர்க் கூஜா எங்கே என்று தேடுவதிலும் நம் கவனம் சென்றுவிடுகிறது. நிலையத்தை ஒட்டியே சுமார் 30 ஏக்கர் பரப்பில் ஓர் ஏரி கிடப்பதை எத்தனை பேர் கண்டிருப்போம்? அது தென்கிழக்கு ரயில்வேக்கு உரிய நிலம். அத்துறையில் பல ஆண்டுகளாக உப்பைத் தின்று வரும் நாமே, சென்ற மார்கழி வரையில் அதன் கரையில் கால் வைத்ததில்லை.

டிசம்பர் மாதத்துக் கடைசி ஞாயிறன்று, விடிவதற்கு முன்னரே எழுந்து, பன்னிரண்டு வயதான நம் பையனை அழைத்துக்கொண்டு புறப்பட்டோம். அலுவலக நண்பர் ஒருவர் தம் காமிராவை இரவலாகத் தந்திருந்தார். 300 மில்லிமீட்டர் லென்ஸ் பூட்டிய அக்காமிரா கைக்குழந்தையின் கனம் இருந்தது. அதைத் துண்டில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்திருந்தோம்.

நாம் போய்ச் சேர்ந்தபோது ஏரியின்மீது பனிமூட்டம் கவிந்திருந்தது. கரையில் மண் பானைத் தேநீர் விற்பவர் ஒருவரும், கழுத்துவரை கம்பளி சுற்றிய நாலைந்து பேரும் நின்றிருந்தனர். நீர் தெரியவில்லை, ஆனால் நீரின் மேலிருந்து ஓர் ஒலி வந்துகொண்டிருந்தது. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் மூச்சை அடக்கிக்கொண்டு மெல்லச் சீழ்க்கை அடிப்பது போன்ற ஒலி. சூரியன் ஏற ஏறப் பனி விலகிற்று. ஏரியின் நடுவே திட்டுத்திட்டாகப் பச்சைத் தீவுகள் தோன்றின. அத்தீவுகளின் விளிம்பெல்லாம் தவிட்டு நிறத்தில் ஏதோ குவித்துவைத்தாற்போல் இருந்தது. பையன்தான் முதலில் கண்டான். "அப்பா, அத்தனையும் வாத்து!" என்றான்.

தமிழில் சீழ்க்கைச் சிறகி என்று வழங்கும் பறவை அது. வங்காளிகள் அதை ஷொரால் என்கின்றனர். வீட்டு வாத்தினும் சிறியது. உடல் தவிட்டு நிறம். வாலின் மேற்புறம் செங்காவி. கழுத்தும் கால்களும் சற்றே நீண்டவை. ஆணுக்கும் பெண்ணுக்கும் நிறத்தில் வேறுபாடு இல்லை. மரப்பொந்துகளிலும் முட்டையிடும் வழக்கமுடையது. இந்த ஏரிக்குக் குளிர்காலத்தில் வரும் பறவைகளுள் தொகையால் மிகுந்தது இதுவே.

அவற்றின் இடையே வேறு சிலவும் இருந்தன. கூரிய நீண்ட வாலும், காப்பித்தூள் நிறத் தலையும், வெண்மையான கழுத்தும் உடைய ஊசிவால் வாத்து இரண்டைக் கண்டோம். சாம்பல் உடலும் கரிய பின்புறமும் கொண்ட கருவால் வாத்துகள் சில ஒதுங்கி மிதந்தன. உள்ளங்கைகள் இரண்டில் அடங்கும் அளவே தோன்றிய குள்ளத்தாராக்கள் வெள்ளைக் காகிதப் படகுகள் போல் திரிந்தன. தாமரை இலைக்கோழி ஒன்று தன் நீண்ட விரல்களை அகல விரித்து, இலைகள் அமிழாதபடி அவற்றின் மேல் நடந்து சென்றது. கரையோரத்தில் மடையானும் மீன்கொத்தியும் நம் ஊர்க் குளத்தில் நிற்பதுபோலவே நின்றன. அவற்றைக் கண்டதும் பையனுக்குப் பாட்டி வீட்டு நினைவு வந்துவிட்டது.

இனி நம் பிழைக்கு வருவோம்.

ஏறக்குறைய ஒரு மணி நேரம் காமிராவோடு போராடினோம். எடுத்த படம் யாவும் ஒன்றுபோலவே இருந்தன. சிறகிகள் தலையைத் திருப்பி முதுகின் இறகுகளில் அலகைச் செருகிக்கொண்டு உறங்கின. படத்தில் அவை சின்னச் சின்னப் பழுப்பு மூட்டைகளாகத் தெரிந்தன. பார்சல் அலுவலகத்தின் மூலையில் கிடக்கும் சரக்குக்கும் அவற்றுக்கும் வேற்றுமை இல்லை. பையன் சலித்துப் போனான். "எல்லாம் தூங்கிக்கொண்டே இருக்கின்றனவே அப்பா. பறக்கிற மாதிரி ஒரு படம் எடுக்க முடியாதா?" என்று கேட்டான்.

இரவல் காமிரா; மறுநாள் திருப்பித் தர வேண்டும். அதிகாலையில் எழுந்த அலுப்பு வேறு. ஒரு நல்ல படமாவது கொண்டுபோகாமல் நண்பர் முகத்தில் எப்படி விழிப்பது என்ற எண்ணம் வந்தது. முதலில் கைதட்டினோம். சிறகிகள் சில கழுத்தை உயர்த்திப் பார்த்துவிட்டு மீண்டும் உறங்கின. உடனே காலடியில் கிடந்த ஜல்லிக் கல் ஒன்றை எடுத்து ஏரியில் வீசினோம். பறவைகளுக்கு வெகு தூரத்திற்கு முன்பாகவே அது நீரில் விழுந்தது. மேலே படவேண்டும் என்ற நோக்கம் நமக்கு இல்லை. ஆனால் அந்தச் சத்தம் போதுமானதாக இருந்தது.

ஒரு தீவு எழுந்தது. அதைக் கண்டு அடுத்தது எழுந்தது. கண்ணிமைக்கும் நேரத்தில் வானம் பழுப்பாயிற்று. சீழ்க்கையொலி காதை அடைத்தது. காமிராவை உயர்த்தி, விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற வேகத்தில் படபடவென்று இருபது படம் எடுத்தோம். பறவைகள் ஏரியை மும்முறை சுற்றின. பெரும்பாலானவை தயங்கித் தயங்கி இறங்கின. ஒரு கூட்டம் இறங்காமல் மேற்கே போய்விட்டது. பையன் துள்ளிக் குதித்தான். நாமும் மகிழ்ந்தோம் என்பதை மறைப்பதற்கில்லை.

நமக்குப் பத்தடி தள்ளி, மடக்கு நாற்காலியில் ஒரு பெரியவர் அமர்ந்திருந்தார். தலையையும் காதையும் மூடும் மங்கித் தொப்பி, மடியில் நோட்டுப் புத்தகம், கையில் தொலைநோக்கி. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நோட்டில் எழுதியிருந்ததைக் கோடிட்டு அடித்துவிட்டு, ஹிந்தியில் நம்மைக் கேட்டார்.

"தாதா, என்ன வேலை பார்க்கிறீர்கள்?"

ரயில்வேயில் பார்சல் குமாஸ்தா என்றோம்.

"இரவு முறை உண்டா?"

மாதத்தில் ஒரு வாரம் உண்டு என்றோம்.

"மறுநாள் பகலில் தூங்குவீர்கள் அல்லவா?"

தூங்குவோம் என்றோம்.

"இவையும் இரவுப் பணிக்காரர்கள்தாம். இருட்டியதும் வயலுக்கும் குட்டைக்கும் இரை தேடப் போகும். விடியற்காலையில் இங்கே திரும்பி வந்து படுக்கும். இந்த ஏரி அவற்றுக்கு உணவு விடுதி அன்று, ரன்னிங் ரூம்."

ரன்னிங் ரூம் என்றால் என்னவென்று நம் நேயருள் ரயில்வேக் குடும்பத்தினர் அறிவர். வண்டி ஓட்டிகளும் கார்டுகளும் வெளியூரில் பணி முடித்து ஓய்வு கொள்ளும் விடுதி அது. அங்கே உரத்துப் பேசுவதே குற்றம். அப்பெரியவரும் ஓய்வு பெற்ற கூட்ஸ் கார்டு என்று பின்னர் தெரிந்தது. முப்பது ஆண்டுக்கு மேல் இரவில் விளக்கு அசைத்தவர். அவருக்கு உறக்கத்தின் அருமை தெரியும். "எண்ணிக்கை பாதி முடித்திருந்தேன். இனி முதலிலிருந்து தொடங்க வேண்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டார். நமக்குத் தலை குனிந்துவிட்டது.

எண்ணிக்கை என்றால் என்ன என்று தயங்கித் தயங்கிக் கேட்டோம். ஆசியா கண்டத்தின் பல நாடுகளில் 1987-ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கின்றனர். அதற்குச் சம்பளம் இல்லை. பறவை நேசிப்பவர்கள் தாமே முன்வந்து செய்கின்றனர். அதற்கு முன்பாகக் கண்ணையும் கையையும் பழக்கிக்கொள்ளவே அவர் ஞாயிறுதோறும் வருகிறாராம். தமிழகத்தில் பொங்கல் விடுமுறையில் இதுபோன்றே பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுவதை நேயர்கள் செய்தித்தாளில் பார்த்திருக்கலாம்.

அவரிடம் இன்னொன்றும் கற்றோம். கரையில் நின்றவர்கள் எல்லாரும் இவற்றைச் 'சைபீரியப் பறவைகள்' என்றே பேசிக்கொண்டனர். பெரியவர் சிரித்தார். ஊசிவால் வாத்தும் கருவால் வாத்தும் வடக்கே பனி உறையும் நாடுகளிலிருந்து இமயத்தைத் தாண்டி வருபவை என்பது உண்மை. ஆனால் ஏரியை நிரப்பியிருக்கும் சீழ்க்கைச் சிறகிகள் இந்நாட்டுக் குடிகள். மழைக்காலத்தில் வயல்களிலும் குளங்களிலும் பிரிந்து வாழ்ந்து குஞ்சு பொரித்துவிட்டு, நீர் வற்றும் காலத்தில் ஒன்றுகூடி இத்தகைய ஏரிகளில் தங்குகின்றன. உள்நாட்டிலேயே இடம் பெயரும் அவற்றையும் ஊரார் வெளிநாட்டுப் பறவை என்று அழைக்கின்றனர். இதைக் கேட்டதும், நாற்பது ஆண்டுகள் இவ்வூரில் குடியிருந்தும் 'மதராஸி' என்று விளிக்கப்படும் நம் சங்கத்துப் பெரியவர்கள் நினைவுக்கு வந்தனர்.

நாம் தமிழர் என்று அறிந்ததும் பெரியவர் முகம் மலர்ந்தது. "உங்கள் கிருஷ்ணன் எங்கள் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் எழுதினாரே, படித்திருக்கிறீர்களா?" என்றார். விழித்தோம். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திய நமக்கு ஆங்கிலப் பத்திரிகையின் பழைய பக்கங்களோடு பழக்கம் ஏது? வீட்டிற்குத் திரும்பிய பின்னரே விசாரித்து அறிந்தோம். அறிந்ததை நேயர்களுக்கும் சொல்கிறோம்.

'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவை நாம் அறிவோம். அவர் புதல்வர் மா. கிருஷ்ணன், 1912-இல் திருநெல்வேலியில் பிறந்தவர். சென்னையில் இருந்துகொண்டே, கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகைக்கு 1950 முதல் 1996 வரை, இரு வாரத்திற்கு ஒரு முறை, பறவைகளையும் விலங்குகளையும் பற்றிய பத்தி எழுதி வந்தார். அவர் மறைந்தது 1996 பிப்ரவரி 18; அன்றைய இதழிலும் அவர் பத்தி வெளிவந்திருந்தது. 1960-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. உதிரிப் பாகங்களைக் கொண்டு தாமே பொருத்திய காமிராவால், கறுப்பு வெள்ளையில், காட்டு விலங்குகளைப் படம் எடுத்தவர் அவர். ஒரு தமிழர் இந்நகரத்து வாசகர்களுக்கு 46 ஆண்டுகள் பறவை பார்க்கக் கற்பித்திருக்கிறார். அந்நகரத்தில் வாழும் தமிழரான நாம் அவர் பெயரை ஒரு வங்காளியின் வாயால் கேட்கவேண்டியிருந்தது. அதுவும் கல்லெறிந்த கை இன்னும் ஈரம் உலராத நிலையில்.

பறவையை அறிவது என்பதே ஒரு காலத்தில் துப்பாக்கியோடு சேர்ந்திருந்தது. இந்தியப் பறவை நூலுக்குப் பெயர் பெற்ற சாலிம் அலி, சிறுவனாக இருந்தபோது சிறு துப்பாக்கியால் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் இருக்கக் கண்டு, அது என்ன இனம் என்று தெரிந்துகொள்ளப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்திற்கு எடுத்துச் சென்றார். அவர் வாழ்வின் திசையை மாற்றியது அந்நிகழ்ச்சியே என்று அவரே எழுதியிருக்கிறார். பின்னர்த் துப்பாக்கியின் இடத்தைத் தொலைநோக்கியும் காமிராவும் பிடித்தன. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குத் தடை விதித்தது. காமிராக்காரன் எதையும் கொல்வதில்லை என்ற நினைப்பில் நாமும் நிம்மதியாக இருந்தோம். ஆனால் உறங்கும் பறவையை எழுப்பிப் பறக்கவிடும்போது, இரவெல்லாம் அலைந்து சேர்த்த வலிமையில் ஒரு பங்கை அதனிடமிருந்து பறித்துவிடுகிறோம். நாம் ஒருவர் ஒரு முறை கல் வீசினோம். விடுமுறை நாளில் கரைக்கு வரும் நூறு பேரில் பத்துப் பேர் அப்படிச் செய்தால், அந்தக் கூட்டம் என்றைக்கு உறங்கும்? மாசியிலும் பங்குனியிலும் இமயத்தைத் தாண்டித் திரும்ப வேண்டிய வாத்துகள் உடலில் கொழுப்பைச் சேர்த்தாக வேண்டும். அவற்றின் நிலை என்ன ஆகும்?

அன்று மாலை காமிராவிலிருந்த படங்களை நம் இல்லத்தரசிக்குக் காட்டினோம். இருபதில் ஒன்று மிக அருமையாக வந்திருந்தது. இளவெயில் சிறகுகளில் பட்டுச் செங்காவி நிறம் சுடர்விட, படத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பறவைகள். நடந்ததையும் ஒளிக்காமல் சொன்னோம். இல்லத்தரசி படத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"படம் நன்றாகத்தான் இருக்கிறது. காலிங் பெல்லுக்குத் துணி சுற்றி வைக்கிற வீட்டிலிருந்து போனவர் எடுத்த படம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்" என்றாள்.

அது மெய்யான சொல். நமக்கு இரவு முறை வரும் வாரத்தில், பால்காரர் கதவைத் தட்டாமல் திண்ணையில் வைத்துவிட்டுப் போவார். பையன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்குவான். எதிர்வீட்டு வங்காளி அம்மாள் கூடத் தம் வானொலியின் ஒலியைக் குறைத்துவிடுவார். நமக்காக ஒரு தெருவே இவ்வளவு செய்கிறது. அதை ஆண்டுக்கணக்கில் பெற்றுக்கொண்ட நாம், ஒரு படத்திற்காகக் கல்லை எடுத்தோம்.

இல்லத்தரசியின் தாய்வழி ஊர் சிவகங்கைப் பக்கம். அங்கே வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கண்மாய்க்கு வரும் பறவைகள் அஞ்சும் என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. இச்செய்தியை அன்றிரவு அவள் பையனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது நம் காதிலும் விழுந்தது. நமக்காகச் சொன்னதோ, பையனுக்காகச் சொன்னதோ, அவளே அறிவாள்.

படத்தைப் பார்த்த அலுவலக நண்பர்கள் வியந்தனர். சங்கத்து நண்பர் ஒருவர், இவ்விதழின் அட்டையில் போடுவதற்குத் தரும்படி கேட்டார். நம் பெயர் அட்டைப் படத்தின் கீழே அச்சாகும் என்ற ஆசை இல்லாமல் இல்லை. இரண்டு நாள் யோசித்தோம். இறுதியில் தர மறுத்துவிட்டோம். அப்படம் வெளிவந்தால், "இதை எப்படி எடுத்தீர்கள்?" என்று நேயர் கேட்பார். கல்லெறிந்து என்று சொன்னால் வெட்கம், சொல்லாவிட்டால் பொய். பையனிடம் காரணத்தைச் சொன்னோம். அவன் சற்று வாடினான். பிறகு, "மறுபடியும் போய், எழுப்பாமல் எடுப்போம் அப்பா" என்றான்.

அவ்வாறே பொங்கலுக்குப் பின் வந்த ஞாயிற்றுக்கிழமை, இம்முறை பிற்பகலில், இல்லத்தரசியும் உடன்வரச் சென்றோம். பெரியவர் அதே நாற்காலியில் இருந்தார். நம்மைக் கண்டதும் பக்கத்தில் இடம் காட்டினார். அவர் சொன்னபடி, ஒருவரோடு ஒருவர் பேசாமல் ஒரு மணி நேரம் அமர்ந்தோம். முதற் கால் மணி நேரம் கடினமாக இருந்தது. அதன்பின் ஏரி தானே நம்மிடம் வரத் தொடங்கிற்று. முன்பு நூறடிக்கு அப்பால் நின்ற தாழைக்கோழி ஒன்று நம் காலுக்கு அருகில் வந்து மேய்ந்தது. சிறகி ஒன்று விழித்து, ஒரு காலையும் ஒரு சிறகையும் ஒருசேர நீட்டிச் சோம்பல் முறித்தது. பையன் அதை மெல்லப் படம் எடுத்தான். கூர்மை போதாத படந்தான். ஆயினும் அவன் அதைப் பாடநூலின் அட்டைக்குள் வைத்திருக்கிறான்.

ஏரி நடுவே இருந்த பச்சைத் தீவுகளைப் பற்றியும் அன்றே கேட்டறிந்தோம். அவை வங்காளத்தில் கச்சூரிபானா என்றும் தமிழில் வெங்காயத் தாமரை என்றும் வழங்கும் களையே. தென் அமெரிக்காவிலிருந்து வந்து நாடெங்கும் நீர்நிலைகளை மூடிக்கொண்ட செடி அது. அதை அப்படியே விட்டால் ஏரி முழுவதும் அடைத்துவிடும். வாத்து இறங்க நீர் தெரியாது. முற்றிலும் அகற்றிவிட்டால் பகலில் படுத்து உறங்க இடமிராது. ஆதலால் குளிர்காலம் தொடங்கும் முன், களையைப் பெரும்பகுதி நீக்கி, இடையிடையே தீவுகளாக விட்டுவைக்கின்றனர். அந்த வேலை காலத்தில் நடவாத ஆண்டில் பறவை குறையும் என்றார் பெரியவர். சுற்றிலும் பெருகிவிட்ட வீடுகளின் கழிவுநீரும் குப்பையும் ஏரியில் சேர்வது மற்றொரு கவலை. பறவை ஆண்டுதோறும் வருவது அதன் விருப்பத்தால் மட்டும் நிகழ்வதில்லை; முழங்கால் சேற்றில் நின்று களை வாரும் தொழிலாளரின் உழைப்பும் அதில் அடங்கியிருக்கிறது.

செல்ல விரும்பும் குடும்பத்தினருக்குச் சில குறிப்புகள். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முடிய ஏற்ற காலம். விடியற்காலை அல்லது பிற்பகல் மூன்றரை மணிக்குமேல் செல்லுக. பளபளக்கும் ஆடை வேண்டாம். மண் நிறமும் பழுப்பும் நன்று. தொலைநோக்கி ஒன்று இருந்தால் காமிரா இல்லாத குறை தெரியாது. படம் எடுப்போர் சூரியனை முதுகுப் புறத்தில் வைத்துக்கொண்டு, கூடியவரை தாழ அமர்ந்து எடுத்தால் பறவையின் கண் தெளிவாக விழும். நீரின் பளபளப்பு மிகுந்திருந்தால் பழுப்புப் பறவை கரியதாகிவிடும். அப்போது வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டிக்கொள்ள வேண்டும். மின்னொளி பாய்ச்சுவதும், கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கச் செய்து ஏமாற்றுவதும் கூடா. ஆரஞ்சுத் தோலையும் பிளாஸ்டிக் பையையும் வீட்டிற்கே எடுத்து வந்துவிடுக. குழந்தைகளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, கண்ட பறவையின் பெயரைத் தமிழிலும் வங்காளத்திலும் எழுதச் சொல்லுக. நம் பையன் இதுவரை 17 பெயர் எழுதியிருக்கிறான்.

கற்களைப் பற்றி மீண்டும் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறோம்.

அன்று மாலை ஐந்து மணி கடந்தது. சூரியன் ரயில் பாதைக்கு அப்பால் சிவந்து இறங்கிற்று. குளிர் ஏறியது. அன்றிரவு நமக்குப் பணி இருந்தபடியால், புறப்படலாம் என்று எழுந்தோம். "இன்னும் பத்து நிமிடம் பொறுங்கள்" என்றார் பெரியவர்.

பொறுத்தோம். முதலில் தீவுகளில் ஒரு சலசலப்பு. கழுத்துகள் ஒவ்வொன்றாய் நிமிர்ந்தன. அலகால் இறகு கோதிக்கொண்டன. பிறகு சீழ்க்கை தொடங்கிற்று. ஐந்தும் பத்துமாக, அவசரமின்றி, எழுந்தன. ஏரியின் மேல் ஒரு வட்டமிட்டு, நம் தலைக்கு மேலாகவே மேற்கு நோக்கி வயல்வெளிக்குப் பறந்து சென்றன. கூட்டத்தின் பின் கூட்டமாகக் கால் மணி நேரம் சென்றுகொண்டிருந்தன. யாரும் அவற்றை எழுப்பவில்லை. பையன் காமிராவை உயர்த்தினான், வெளிச்சம் போதவில்லை. படத்தில் இருட்டும் சில கீற்றுகளுமே விழுந்தன. அதைப் பற்றி அவன் வருந்தியதாகத் தெரியவில்லை. வாயைத் திறந்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"பணிக்குப் புறப்பட்டுவிட்டன" என்றாள் இல்லத்தரசி. பிறகு பையிலிருந்து நம் இரவுச் சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக் கொடுத்தாள்.

பெரியவரிடம் விடைபெற்றுக்கொண்டு, நாமும் ஹௌரா செல்லும் லோக்கல் வண்டியைப் பிடிக்க நடந்தோம்.